நெல் பாட்காஸ்டில் பேச்சுக்கு நேராகப் படமும் சாப்டரும் வைப்பது எப்படி?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக நெல் சாகுபடி பற்றி வாரம் ஒரு பாட்காஸ்ட் போட்டுக்கொண்டிருக்கிறேன். நாற்றங்காலில் ஆரம்பித்து அறுப்பு வரைக்கும், அந்தந்த வாரம் வயலில் என்ன நடக்கிறதோ அதைத்தான் பேசுவோம், நானும் எங்கள் ஊரில் ஐம்பது வருடமாக விவசாயம் பார்க்கிற பெரியவர் ஒருவரும். ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம் வரும். கேட்கிறவர்கள் வரப்பில் நடந்துகொண்டும், மன்னார்குடி பஸ்ஸில் உட்கார்ந்தும், மோட்டார் கொட்டகையில் கரண்டுக்குக் காத்திருக்கும் நேரத்திலும் கேட்கிறார்கள்.

போன சம்பாவில் குலைநோய்க்கும் செம்புள்ளி நோய்க்கும் என்ன வித்தியாசம் என்று பத்து நிமிடம் பேசினோம். குலைநோய்ப் புள்ளி இரண்டு முனையும் கூராக, கண் மாதிரி இருக்கும், நடுவில் சாம்பல் நிறம். செம்புள்ளி எள்ளு தூவினது மாதிரி உருண்டையாக இருக்கும். தழைச்சத்து அதிகம் போட்ட வயலில் குலைநோய் கூடும், சத்துக் குறைந்த மண்ணில் செம்புள்ளி வரும், அதனால் வைத்தியமே வேறு. இவ்வளவும் தெளிவாகத்தான் சொன்னோம். ஆனாலும் கேட்டவர்களில் ஒருவர் செம்புள்ளியைப் பார்த்துக் குலைநோய் என்று நினைத்து, அதற்கான மருந்தை வாங்கி அடித்துவிட்டார். அப்புறம் நேரில் போய்ப் பார்த்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. மருந்துச் செலவு, ஆள் கூலி எல்லாம் அவர் தலையில். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியதை வாயால் மட்டும் சொல்லி விட்டுவிட்டோமே என்று இன்னும் மனசுக்குள் கிடந்து உறுத்துகிறது.

இப்போது என் கேள்வி. குலைநோய் பற்றிப் பேசும் அந்த நிமிடத்தில் போன் திரையில் குலைநோய் வந்த இலையின் படம் வர வேண்டும், செம்புள்ளிக்குப் போனதும் படம் தானாக மாற வேண்டும். இது ஒன்று. இன்னொன்று, நாற்பது நிமிடத்தில் தண்ணீர் கட்டுவது மட்டும் வேண்டும் என்பவர் நேராக அங்கே போகிற மாதிரி சாப்டர் வைக்க வேண்டும். சில வெளிநாட்டு பாட்காஸ்ட்களில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். என்னிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப், ஒலியை வெட்டி ஒட்டுகிற ஆடாசிட்டி மென்பொருள். காசு கொடுத்து மென்பொருள் வாங்கும் நிலையில் இல்லை. செய்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.


அரிசிலாறு (கும்பகோணம்):

தம்பி, நான் தாராசுரம் கோயில் சிற்பங்களைப் பற்றிப் பாட்காஸ்ட் போடுகிறவன், அதனால் படம் இல்லாமல் எனக்கு ஒரு அடி நகராது. தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

சாப்டரை மூன்று இடத்தில் வைக்கலாம் என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், இது குழம்பினால் எல்லாம் குழம்பும். ஒன்று, எம்பி3 கோப்புக்கு உள்ளேயே. பாட்டின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் எழுதி வைக்கிற ஐடி3 என்ற பகுதி இருக்கிறதல்லவா, அதிலேயே சாப்டருக்கென்று இடம் உண்டு. ஒவ்வொரு சாப்டருக்கும் ஆரம்பம், முடிவு இரண்டும் மில்லி வினாடியில், ஒரு தலைப்பு, வேண்டுமானால் ஒரு படம். இந்த முறையை 2005 டிசம்பரில் எழுதி வைத்தார்கள். அதே வருடம்தான் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட் வந்தது. ஆப்பிள் அப்போது படம் மாறுகிற பாட்காஸ்டை எம்4ஏ கோப்பாகச் செய்தது, அந்த வழி இன்று உங்களுக்குத் தேவையில்லை. இரண்டாவது, சாப்டர் விவரத்தைத் தனியாக ஜேசான் என்ற வகை டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, உங்கள் பதிவுகளைச் செயலிகளுக்குக் கொண்டுபோகிற செய்தியோடையில் (ஆர்எஸ்எஸ்) அதற்கு இணைப்பு கொடுப்பது. 2020இல் ஆரம்பித்த பாட்காஸ்டிங் 2.0 ஆட்கள் கொண்டுவந்தது. மூன்றாவது, விவரக் குறிப்பில் 12:40 தண்ணீர் கட்டுவது என்று நேரத்தையும் தலைப்பையும் வெறுமனே எழுதுவது. ஸ்பாட்டிஃபையில் அந்த நேரத்தைத் தொட்டால் அங்கே போகும், ஆனால் படம் மாறாது.

நீங்கள் முதலில் பிடிக்க வேண்டியது எம்பி3க்குள் வைக்கும் முறைதான். ஆன்ட்ராய்டில் ஆன்டெனாபாட், பாக்கெட் காஸ்ட்ஸ், ஐபோனில் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், ஓவர்காஸ்ட் எல்லாம் இதைப் படிக்கும். ஆன்டெனாபாட் இலவசம், விளம்பரமும் கிடையாது, உங்கள் ஆட்களுக்கு அதையே போட்டுக் கொடுங்கள்.

வேலை எப்படி என்றால், ஆடாசிட்டியில் வெட்டுவது, ஒட்டுவது, இரைச்சல் எடுப்பது, முன்னிசை சேர்ப்பது எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். முடித்தபிறகுதான் குறி வைக்க வேண்டும், இதை அழுத்திச் சொல்கிறேன். நான் ஒரு முறை எல்லாக் குறியையும் வைத்து முடித்த பிறகு முன்னுரை நீளமாக இருக்கிறதே என்று ஐம்பது வினாடியை வெட்டினேன். வெட்டியதும் பேச்சு ஐம்பது வினாடி முன்னால் வந்துவிட்டது, படம் பழைய நேரத்திலேயே நின்றது. ரிஷபகுஞ்சரம் என்ற சிற்பத்தைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்கிறேன், கேட்பவர் திரையில் தேர்ச்சக்கரம் நிற்கிறது. இருபத்தைந்து பேர் செய்தி அனுப்பினார்கள், அன்றைக்கு முழுக்கப் பதில் சொல்வதே வேலையாகப் போயிற்று.

குறி வைக்க, வேண்டிய இடத்தில் நிறுத்தி கன்ட்ரோல், பி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் லேபிள் வரும், அதில் தலைப்பைத் தட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே வைக்க வேண்டுமானால் கன்ட்ரோல், எம். எல்லாம் வைத்ததும் லேபிள்களை ஏற்றுமதி செய்தால் ஒரு டெக்ஸ்ட் கோப்பு கிடைக்கும், ஒரு வரியில் ஆரம்ப வினாடி, முடிவு வினாடி, தலைப்பு. இந்தக் கோப்பை ஆஃபானிக் என்ற இணையச் சேவை அப்படியே ஏற்றுக்கொள்ளும், மாதம் இரண்டு மணி நேர ஒலி வரைக்கும் இலவசம். வாரம் நாற்பது நிமிடம் என்றால் மாதத்துக்கு நூற்றறுபது நிமிடம் வருகிறது, நான்கில் மூன்று அதில் அடங்கும். அங்கேயே ஒவ்வொரு சாப்டருக்கும் படத்தை ஏற்றிவிட்டால், எல்லாம் உள்ளே பதிந்த எம்பி3 வெளியே வரும். மேக் வைத்திருக்கிறவர்களுக்கு ஃபோர்காஸ்ட் என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது, அது இன்னும் சுலபம், ஆனால் விண்டோஸில் ஓடாது.

அப்புறம் படத்தின் எடை. இதை யாரும் யோசிப்பதில்லை. பேச்சுதானே, மோனோவில் 64 கேபிபிஎஸ் போதும், அப்படி வைத்தால் நாற்பது நிமிடம் சுமார் 19 எம்பி வரும். போனில் எடுத்த படத்தை அப்படியே வைத்தால் ஒன்று 4 எம்பி, பன்னிரண்டு படத்துக்கு 48 எம்பி. கூரையை விட விழல் கனமாகிவிடும். அதோடு ஐடி3 பகுதி கோப்பின் தலையில் இருக்கிறது, அதனால் நேரடியாக ஓடவிட்டுக் கேட்கிறவருக்கு அந்த 48 எம்பியும் முதலில் இறங்கி, அதற்குப் பிறகுதான் உங்கள் குரல் வரும். வயல்வெளியில் ஒரு கோடு சிக்னலில் அவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? படத்தை ஆயிரத்துக்கு ஆயிரம் சதுரமாக வெட்டி ஜேபெக்காகச் சுருக்கினால் ஒன்று 150 கேபிக்குள் அடங்கும், பன்னிரண்டும் சேர்த்து 2 எம்பி கூட ஆகாது. சதுரம் ஏன் என்றால் செயலிகள் அட்டைப்படம் இருக்கும் இடத்தில்தான் இதைக் காட்டுகின்றன. நெல் இலை நீளமானது, முழு இலையையும் சதுரத்துக்குள் அடைத்தால் புள்ளி தெரியாது. புள்ளி இருக்கும் இரண்டு அங்குலத்தை மட்டும் நெருங்கி எடுங்கள்.


ஓடம்போக்கி (திருவாரூர்):

அரிசிலாறு அண்ணன் சொன்னதோடு மூன்று விஷயம், மூன்றிலும் நான் அடிபட்டிருக்கிறேன்.

தமிழ்த் தலைப்பு சில மென்பொருளில் வெறும் கேள்விக்குறியாக மாறிவிடும். எழுத்துரு இல்லாததால் வருகிற கோளாறு இது இல்லை, அதனால் எழுத்துருவை மாற்றி மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். ஐடி3 2.3 பதிப்பில் தமிழை யூடிஎஃப்-16 என்ற குறியேற்றத்தில்தான் எழுத முடியும், 2.4இல்தான் யூடிஎஃப்-8 வந்தது. பழைய மென்பொருள் இரண்டும் இல்லாமல் லத்தீன் எழுத்துக் குறியேற்றத்தில் எழுதிவிட்டால் கேள்விக்குறிதான் மிஞ்சும். முதல் தடவை ஒரு நிமிடக் கோப்பு ஒன்றில் இரண்டு சாப்டர் வைத்துச் சோதித்துவிட்டு, அப்புறம் பெரிய கோப்பில் கை வையுங்கள்.

எம்பி3யை மாறாத பிட்ரேட்டில், அதாவது ஒவ்வொரு வினாடிக்கும் ஒரே அளவு தரவு போகிற மாதிரி, ஏற்றுமதி செய்யுங்கள். மாறும் பிட்ரேட் கோப்பில் எந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்று செயலி கண்டுபிடிக்க, கோப்பு முழுவதற்கும் சேர்த்து 100 இடம் மட்டும் குறித்த ஓர் அட்டவணைதான் தலையில் இருக்கும். உங்கள் நாற்பது நிமிடத்தில் ஓர் இடத்துக்கும் அடுத்ததுக்கும் 24 வினாடி இடைவெளி, நடுவில் இருப்பதை அது உத்தேசமாகத்தான் பிடிக்கும். சாப்டரைத் தொட்டதும் பேச்சின் பாதியில் போய் விழுவது இதனால்தான்.

கடைசியாக, நாம் கோப்பை ஏற்றி வைக்கிற சேவை. நான் முதலில் பயன்படுத்திய ஒன்று, ஏற்றியதும் கோப்பை மறுபடி சுருக்கிச் சேமிக்கும், அதில் சாப்டர், படம் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். நான் இரண்டு வாரம் என் கணினியில் கோளாறு தேடினேன். ஏற்றிய பிறகு உங்கள் செய்தியோடையிலிருந்து கோப்பைத் திரும்ப இறக்கிப் பாருங்கள், அளவு ஒரு பைட் கூட மாறாமல் இருந்தால் நல்ல சேவை. விளம்பரத்தை இடையில் தானாகச் செருகுகிற சேவையும் உங்களுக்கு வேண்டாம், விளம்பரத்தின் நீளத்துக்கு ஏற்பக் குறியெல்லாம் நகர்ந்துவிடும்.


காவிரித் துலாக்கட்டம் (மயிலாடுதுறை):

நான் பார்வையில்லாதவன், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துப் போனைப் பயன்படுத்துகிறேன். எங்கள் குடும்பத்துக்கு நான்கு மா நிலம் இருக்கிறது, தம்பி பார்த்துக்கொள்கிறான், கணக்கும் ஆலோசனையும் என்னுடையது. உங்கள் நிகழ்ச்சியை நான் கேட்டிருக்கிறேன், பெரியவர் பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சாப்டர் கட்டாயம் வையுங்கள். படம் பார்க்கிறவர்களைக் காட்டிலும் எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. திரையில் அந்த மெல்லிய கோட்டை விரலால் இழுத்து இருபத்திரண்டாவது நிமிடத்தைப் பிடிப்பது எங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று பார்வை உள்ளவர்களுக்குப் புரிய வைப்பது சிரமம். சாப்டர் இருந்தால் டாக்பேக் தலைப்பை வாசிக்கும், வேண்டியதில் இரண்டு தட்டு, அவ்வளவுதான். ஆனால் தலைப்பைச் சரியாக எழுதுங்கள். பகுதி 1, பகுதி 2 என்று வைத்தால் எனக்கு ஒரு பயனும் இல்லை. முக்கியமான சொல் முதலில் வரட்டும். "குலைநோய்: எப்படி அடையாளம் காண்பது" என்று வைத்தால் முதல் சொல்லிலேயே எனக்கு வேண்டியதா இல்லையா என்று தெரிந்து அடுத்ததுக்குப் போய்விடுவேன்.

இன்னொன்றைக் கேட்டுக்கொள்கிறேன். படம் வந்ததும் பேச்சு சுருங்கிவிடும், நிறையப் பேரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். "இதோ இப்படி இருக்கும், படத்தைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். கண் மாதிரி, எள்ளு தூவினது மாதிரி என்று நீங்கள் சொன்னீர்களே, அதைக் கேட்டுத்தான் நான் தம்பியிடம், புள்ளியின் முனையைத் தொட்டுப் பார்த்துச் சொல்லடா, கூராக இருக்கிறதா உருண்டையாக இருக்கிறதா என்று கேட்டேன். படம் வைத்த பிறகும் அந்தச் சொற்களை எடுத்துவிடாதீர்கள்.


அரிசிலாறு (கும்பகோணம்):

ஐயா சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். ரிஷபகுஞ்சரம் என்றால் காளையும் யானையும் எதிரெதிரே நின்று இரண்டுக்கும் ஒரே தலை. யானை உடம்பைக் கையால் மறைத்தால் காளை தெரியும், காளை உடம்பை மறைத்தால் யானை தெரியும். படம் வைக்க ஆரம்பித்த பிறகு நான் இந்தக் கையால் மறைக்கிற விவரத்தையே சொல்வதை விட்டுவிட்டேன், இப்போதுதான் உறைக்கிறது. அந்தப் பகுதியைத் திரும்பப் பதிவு செய்யப் போகிறேன்.


வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து குருத்துப்பூச்சி பற்றிய பழைய பதிவு ஒன்றில் செய்து பார்த்தேன். பேச்சில் ஏழு பகுதி, ஒன்பது படம். ஆன்டெனாபாடில் படம் மாறியதைப் பார்த்ததும் பெரியவர் போனை வாங்கி மூன்று தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். துலாக்கட்டம் ஐயா, நடுக்குருத்து காய்ந்ததைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும் என்று அவர் சொல்கிற இடத்தை அப்படியே வைத்திருக்கிறேன், கதிர் வெளுத்துப் பதராகிற வெண்கதிர் பற்றிய பகுதியையும் தொடவில்லை.

இரண்டு சந்தேகம். ஒரே சாப்டருக்குள் மூன்று படம் மாற வேண்டும் என்றால் மூன்றையும் தனிச் சாப்டராக்க வேண்டியிருக்கிறது, பட்டியல் தேவையில்லாமல் நீள்கிறது. இன்னொன்று பெரிய சிக்கல். என் ஆட்களில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப் குழுவில் எம்பி3யாக வாங்கித்தான் கேட்கிறார்கள். அங்கே படமும் வரவில்லை, சாப்டரும் வரவில்லை.


ஓடம்போக்கி (திருவாரூர்):

முதல் சந்தேகத்துக்கு ஜேசான் முறை நல்ல வழி. அதில் ஒவ்வொரு சாப்டருக்கும் ஆரம்ப வினாடி, தலைப்பு, பட முகவரி எழுதுவோம். கூடவே டிஓசி (toc) என்ற இடத்தில் ஃபால்ஸ் (false) என்று போட்டால் அது பட்டியலில் தெரியாது, நேரம் வந்ததும் படம் மட்டும் மாறும். இதில் படம் எம்பி3க்கு உள்ளே போவதில்லை, இணையத்திலிருந்து வருகிறது, அதனால் கோப்பும் கனக்காது. வெளியிட்ட பிறகு ஒரு படம் தப்பு என்று தெரிந்தால் ஜேசானை மட்டும் திருத்தினால் போதும், ஒலியைத் திரும்ப ஏற்ற வேண்டாம். நோய் அடையாளம் சொல்கிற உங்களுக்கு இது முக்கியம். ஆனால் இதைப் படிக்கிற செயலிகள் குறைவு. ஆன்டெனாபாட் படிக்கும். எம்பி3க்குள்ளும் ஏழு முக்கியச் சாப்டரை வைத்துவிடுங்கள், இது தெரியாத செயலியில் அதுவாவது வரும்.


உப்பளத்துக் காற்று (வேதாரண்யம்):

தம்பி, வாட்ஸ்அப்புக்கு நான் சொல்கிறேன். நான் மீனவப் பெண்கள் குழுக்களுக்காக ஒலிப்பதிவு அனுப்புகிறவள், எங்கள் ஆட்கள் யாரும் பாட்காஸ்ட் செயலி இறக்க மாட்டார்கள், சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். வாட்ஸ்அப் எம்பி3யை ஓட்டும், சாப்டர் காட்டாது, அதில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

நான் செய்வது இதுதான். படங்களுக்கு 1, 2, 3 என்று பெரிய எண்ணைப் படத்தின் மேலேயே போட்டுவிடுவேன். முதலில் படங்களை வரிசையாகக் குழுவில் அனுப்பிவிட்டு, கடைசியாக ஒலி. பேச்சில் "இப்போது மூன்றாம் படத்தைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு இரண்டு வினாடி விடுவேன். கைநாட்டு வைக்கிற ஆச்சி கூட எண்ணைப் பார்த்துச் சரியான படத்தை எடுத்துவிடுகிறார். அதிலேயே பெரிய லாபம், ஆறு மாதம் கழித்து ஒருவர் "அந்த நாலாம் நம்பர் படம் மாதிரியே இருக்கிறது" என்று கூப்பிட்டுச் சொல்வார்.

தானாகவே மாற வேண்டும் என்றால் வீடியோவாக்க வேண்டும். கேடென்லைவ் இலவசம், விண்டோஸிலும் ஓடும். ஒலியைப் போட்டு, ஒவ்வொரு படத்தையும் அதன் நேரத்துக்கு இழுத்து விடுங்கள். அசையாத படம் என்பதால் வீடியோ அதிகம் கனக்காது. வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிப் புள்ளியெல்லாம் மங்கிவிடும். அதே வீடியோவை யூடியூபில் ஏற்றிக் குறிப்பில் நேரம் எழுதினால் அங்கேயும் சாப்டர் வரும். முதல் நேரம் 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் பத்து வினாடிக்குக் குறையக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் மொத்தமும் வராது.


வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

அக்கா, எண் போடுகிற யோசனையை இந்த வாரமே செய்கிறேன். அதே எண்ணைச் சாப்டர் தலைப்பிலும் போட்டுவிட்டால் செயலியில் கேட்பவர், வாட்ஸ்அப்பில் கேட்பவர் இரண்டு பேருக்கும் ஒரே எண் என்றாகிவிடும், அவர்களுக்குள் பேசிக்கொள்ளவும் வசதி.

அடுத்த பதிவு ஆனைக்கொம்பன் ஈ. தூரில் குருத்து வெங்காய இலை மாதிரி வெள்ளிக் குழாயாக நீண்டு நிற்கும், அதை நிறையப் பேர் குருத்துப்பூச்சி என்று நினைத்துவிடுகிறார்கள். எங்கள் பக்கம் இந்தப் பட்டத்தில் இன்னும் தென்படவில்லை, அது நல்லதுதான், ஆனால் என்னிடம் படம் இல்லை. இணையத்திலிருந்து அடுத்தவர் படத்தை எடுத்துப் போட மனசு வரவில்லை. யாராவது சொந்தமாக எடுத்தது இருந்தால் கொடுத்து உதவுங்கள்.


காவிரித் துலாக்கட்டம் (மயிலாடுதுறை):

எங்கள் வயலில் வடகிழக்கு மூலையில் இரண்டு குத்தில் இருக்கிறது என்று தம்பி நேற்றுத்தான் சொன்னான். காலையில் எடுக்கச் சொல்கிறேன். அளவு தெரிய விரலைப் பக்கத்தில் வைத்து எடுக்கட்டுமா, இல்லை குருத்து மட்டும் போதுமா?


வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

விரலோடு ஒன்று, இல்லாமல் ஒன்று, அப்புறம் குழாயைப் பிளந்து உள்ளே காட்டி ஒன்று, முடிந்தால் வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுக்கச் சொல்லுங்கள் ஐயா. பிளக்கும்போது கையில் எப்படி இருந்தது என்று தம்பியைக் கேட்டு நீங்களே ஒரு நிமிடம் பேசி அனுப்பினால், அந்தச் சாப்டரை உங்கள் குரலிலேயே வைத்துவிடுகிறேன்.